விமான நிலையத்துத் திண்ணை



உங்களில் எத்தனை பேர் வீட்டில் திண்ணை இருக்கிறது? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். இரண்டு மூன்று கைகள்தான் தெரிகின்றன, இல்லையா? பரவாயில்லை. நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பேளுக்குறிச்சி. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. வாரச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். நான் சிறுவனாக இருந்தபோது, மலையிலிருந்து மிளகு, பலாப்பழம், வாழைத்தார் எல்லாம் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். சந்தைக்கு முந்தின நாள் இரவே இறங்கி வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். எங்கள் ஆத்தா ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். "நீங்கள் யார்? எந்த ஊர்?" என்று கேட்க மாட்டார். ஆனால் நிலைப்படியைத் தாண்டி வீட்டுக்குள் வர வேண்டுமானால், வீட்டுக்காரர் கூப்பிட வேண்டும். அடுத்த தெருக்காரரே ஆனாலும் கூப்பிடாமல் உள்ளே வர மாட்டார்.

திண்ணை வழிப்போக்கருக்கு. வீடு விருந்தாளிக்கு. இதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் தெரிந்துகொள்ளப் போவது ஒரு பெரிய திண்ணையைப் பற்றி. அது விமான நிலையத்தில் இருக்கிறது!

பேருந்து மாறுவது போல...

பேளுக்குறிச்சியிலிருந்து மதுரைக்குப் போக வேண்டும். எப்படிப் போவோம்? நாமக்கல் போய் இறங்கி, அங்கே வேறு பேருந்து ஏறுவோம். விமானத்திலும் அப்படித்தான். திருச்சியிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு ஒரே விமானத்தில் போக முடியாது. சிங்கப்பூரிலோ, கோலாலம்பூரிலோ இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். இப்படி நடுவில் மாறுவதற்கு 'டிரான்சிட்' என்று பெயர்.

நாமக்கல் பேருந்து நிலையத்தில் நம்மை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வேர்க்கடலை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கலாம். ஊருக்குள்ளேயும் போய் வரலாம். ஆனால் விமானம் மாறும் இடம் வேறொரு நாடு ஆயிற்றே! அந்த நாட்டுக்குள் நுழைய 'விசா' என்னும் அனுமதி வேண்டும். மாறுவதற்காக மட்டும் இறங்குகிறவர் என்ன செய்வார்?

அவருக்காகத்தான் விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் அந்தப் பகுதிக்குள் வருவோம். அங்கே நாற்காலி உண்டு. கடை உண்டு. கழிப்பறை உண்டு. அங்கிருந்தே அடுத்த விமானத்துக்குப் போய்விடலாம். அந்தப் பகுதியின் எல்லையில் ஒரு வரிசை மேஜைகள் இருக்கும். அங்கே அதிகாரிகள் அமர்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். அதைத் தாண்டினால்தான் நாட்டுக்குள் நுழைந்ததாகக் கணக்கு.

அந்த மேஜைதான் நிலைப்படி. அதற்கு இந்தப் பக்கம் இருப்பது திண்ணை. புரிந்ததா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விமானம் இறங்கிய மண் அந்த நாட்டு மண்தான். அங்கே தவறு செய்தால் அந்த நாட்டுச் சட்டம்தான் பிடிக்கும். திண்ணையும் வீட்டுக்காரருடையதுதானே!

நான் கோட்டைவிட்ட கதை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவன் நான். "கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுது" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! அதே தவற்றை நானே செய்தேன்.

2017-ஆம் ஆண்டு. என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். பேத்திக்கு முதல் பிறந்தநாள். நானும் என் மனைவியும் புறப்பட்டோம். பாஸ்போர்ட் இருந்தது. ஆஸ்திரேலியா விசாவும் இருந்தது. வெள்ளிக் கொலுசும் பட்டுப்பாவாடையும் பெட்டியில் இருந்தன. பணம் கொஞ்சம் மிச்சமாகிறது என்று, நடுவில் ஒரு நகரம் வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறு நிறுவனத்தில் ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தேன். கெட்டிக்காரன் என்று எனக்கே நினைப்பு!

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு டிக்கெட்டையும் பார்த்தார்.

"ஐயா, நடுவில் இறங்குகிற நாட்டுக்கு விசா இருக்குங்களா?"

"எதுக்கும்மா? நாங்கள் அந்த ஊருக்குப் போகவில்லையே. விமானம்தானே மாறப் போகிறோம்?"

"டிக்கெட் ரெண்டும் தனித்தனியா இருக்குங்களே ஐயா. உங்க பெட்டி அந்த ஊர் வரைக்கும்தான் போகும். நீங்க வெளியே போய் பெட்டியை எடுத்து, திரும்பவும் அடுத்த கவுன்ட்டரில் கொடுக்கணும். வெளியே போகணும்னா விசா வேணும்."

எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் திண்ணையில்தான் இருப்போம். ஆனால் எங்கள் பெட்டி நிலைப்படியைத் தாண்டிப் போய் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்! அதை எடுக்க நாங்களும் உள்ளே போக வேண்டும். போக அனுமதி இல்லை.

அந்தப் பெண் மேலதிகாரியிடமும் கேட்டுப் பார்த்தார். வழியில்லை. "என்னங்க, பிள்ளை காத்துக்கிட்டு இருப்பாளே" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. விமானம் போய்விட்டது. நாங்கள் பெட்டியோடு ஊர் திரும்பினோம். டிக்கெட் பணமும் போனது. பேத்தி மெழுகுவர்த்தி ஊதியதைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தோம். கொலுசு பெட்டியிலேயே இருந்தது.

கவுன்ட்டர் பெண்மீது எனக்கு அன்றைக்குக் கோபம்தான். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

அவர் ஏன் கேட்டார்?

1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 52 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலகத்தின் விமானப் போக்குவரத்துக்கு அதுதான் அடிப்படை. அதனால்தான் டிசம்பர் 7-ஐ உலக விமானப் போக்குவரத்து நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த ஒப்பந்தத்தின் 13-ஆவது பிரிவு, ஒரு நாட்டுக்கு வரும் பயணிகள் அந்த நாட்டின் நுழைவு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. எனவே யாரை உள்ளே விடுவது, யாரைத் திண்ணையில் உட்கார வைப்பது என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும்.

சரி, விதி அந்த நாட்டுடையது. கேள்வியை ஏன் விமான நிறுவனம் கேட்கிறது? சரியான தாள்கள் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால், பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன. அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பும் அந்த நிறுவனத்தின் தலையில்தான். அதனால் புறப்படும் ஊரிலேயே சோதித்துவிடுகிறார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எங்கே என்ன தாள் வேண்டும் என்று சொல்லும் 'டிமாட்டிக்' என்ற தொகுப்பு அவர்கள் கணினியில் இருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு யாரையும் நிறுத்துவதில்லை.

இந்த அபராதச் சட்டத்தின் பின்னால் நம் தமிழர்களின் கதை ஒன்று உண்டு. கொஞ்சம் கனமான கதைதான். ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகப் பெரும் வன்முறை நடந்தது. வீடுகள் எரிந்தன. உயிர் பிழைத்தால் போதும் என்று ஆயிரக்கணக்கானோர் கடல் தாண்டியும் வானம் தாண்டியும் ஓடினார்கள். பிரிட்டனுக்கும் போனார்கள். 1985-ல் பிரிட்டன், இலங்கைக்காரர்கள் விசா வாங்கித்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அது அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை.

1987 பிப்ரவரி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 50-க்கும் மேற்பட்ட தமிழர்கள் அடைக்கலம் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். திருப்பி அனுப்புவதற்காக விமானத்துக்கு அழைத்துப் போனபோது, அந்தக் குளிரில், ஓடுதளத்திலேயே தங்கள் உடைகளைக் கழற்றிவிட்டு நின்றார்கள். "எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்று சொல்ல அவர்களிடம் வேறு வழி இல்லை. நீதிமன்றம் தலையிட்டதால் அன்று அவர்கள் அனுப்பப்படவில்லை.

சில வாரங்களில் பிரிட்டன் அரசு புதிய சட்டத்தை அறிவித்தது. தாள்கள் இல்லாத பயணி ஒருவரைக் கொண்டுவந்தால், விமான நிறுவனம் 1,000 பவுன் அபராதம் கட்ட வேண்டும். 1991-ல் அது 2,000 பவுன் ஆனது. 1993-ல் இன்னொரு விதியும் வந்தது. சில நாட்டவர்கள் பிரிட்டனுக்குள் நுழையாமல், விமானம் மாறிப் போவதற்குக்கூட விசா வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் இலங்கையும் இருந்தது.

பார்த்தீர்களா? திண்ணையில் உட்காரவும் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. நாடுகளுக்குத் தங்கள் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவருக்கோ தாள் வாங்க நேரமும் இருக்காது, இடமும் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் எது நியாயம்? பெரியவர்களே இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் யோசியுங்கள்.

18 ஆண்டுகள் திண்ணையில்!

திண்ணையிலேயே வாழ்ந்த ஒருவரும் இருந்தார். அவர் பெயர் மெஹ்ரான் கரீமி நாசேரி. ஈரான் நாட்டில் பிறந்தவர். 1988-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். லண்டன் போக நினைத்தவரிடம் சரியான தாள்கள் இல்லை. எந்த நாட்டுக்கும் போக முடியவில்லை. முதல் முனையத்தில் ஒரு சிவப்பு இருக்கையே அவர் வீடானது. படிப்பார். நாட்குறிப்பு எழுதுவார். கழிப்பறையில் முகம் கழுவிக்கொள்வார். கடைக்காரர்கள் உணவு கொடுப்பார்கள்.

1999-ல் பிரான்ஸ் அவருக்குத் தாள்கள் கொடுக்க முன்வந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அத்தனை ஆண்டுகளில் மனம் அந்த இருக்கையைவிட்டு எழ மறுத்துவிட்டது போலும். 2006-ல் உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்குப் போகும்வரை, ஏறக்குறைய 18 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 'தி டெர்மினல்' என்ற ஆங்கிலத் திரைப்படம் எடுக்க அவர் கதையும் ஒரு தூண்டுதல். 2022 நவம்பர் 12 அன்று, அதே விமான நிலையத்துக்குத் திரும்பி வந்திருந்தபோது காலமானார்.

திண்ணை இளைப்பாறத்தான், குழந்தைகளே. வாழ்வதற்கு வீடு வேண்டும்.

நாட்டுக்கு நாடு வேறு கணக்கு

எல்லா நாட்டிலும் திண்ணை ஒரே மாதிரி இருக்காது.

அமெரிக்காவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு என்று திண்ணையே இல்லை என்று சொல்லலாம். அங்கே இறங்கி வேறு நாட்டுக்கு விமானம் மாறுகிறவரும் நிலைப்படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எனவே நம் நாட்டவர் மாறிச் செல்வதற்கும் விசா வேண்டும்.

சிங்கப்பூரில் நல்ல பெரிய திண்ணை இருக்கிறது. ஒரே டிக்கெட்டில், பெட்டி நேராகப் போகிறபடி மாறுகிறவர்கள் விசா இல்லாமல் அங்கே காத்திருக்கலாம். ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால்தான் அனுமதி வேண்டும்.

நம் இந்தியாவிலும் வழிப்பயணிகளுக்கென்று 'டிரான்சிட் விசா' உண்டு. நாமும் ஒரு வீட்டுக்காரர்தானே!

விதிகள் மாறவும் செய்யும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா அறிவித்தது. அதற்கு முன் விசா தேவைப்பட்டது. எனவே "போன வருஷம் எங்கள் மாமா இப்படித்தான் போனார்" என்ற பேச்சு உதவாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்திலும், விமான நிறுவனத்திடமும் கேட்டுவிட வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

உங்கள் தாத்தாவோ, பாட்டியோ, அத்தையோ வெளிநாடு புறப்படுகிறார்களா? பெரியவர்கள் பெட்டி கட்டும் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். நீங்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. டிக்கெட் ஒன்றா, இரண்டா? ஒரே பதிவாக இருந்தால் நல்லது. தனித்தனியாக இருந்தால் என் கதை நினைவுக்கு வரட்டும்.

2. பெட்டி எதுவரை போகும்? பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்று எழுத்து இருக்கும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துப் பெயர் உண்டு. திருச்சிக்கு 'டி.ஆர்.இசட்'. கோவைக்கு 'சி.ஜே.பி'. சென்னைக்கு 'எம்.ஏ.ஏ'. போய்ச் சேரும் ஊரின் எழுத்து சீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடு ஊரின் எழுத்து மட்டும் இருந்தால் உடனே கேட்க வேண்டும்.

3. இறங்குவதும் ஏறுவதும் ஒரே விமான நிலையமா? லண்டனில் ஹீத்ரோ, கேட்விக் என்றும், டோக்கியோவில் நரிதா, ஹனேதா என்றும் வேறு வேறு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற ஊருக்குள் போக வேண்டும். அதற்கு நுழைவு அனுமதி தேவைப்படலாம்.

4. நடுவில் எத்தனை மணி நேரம்? மிகக் குறைவாக இருந்தால் விமானம் தவறிவிடும். இரவு முழுவதும் என்றால், அந்த நிலையத்தில் இரவில் உள்ளேயே இருக்க விடுவார்களா என்று கேட்க வேண்டும்.

5. பாஸ்போர்ட் இன்னும் எத்தனை மாதம் செல்லும்? பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்கின்றன.

ஐந்துக்கும் விடை கிடைத்தால் பெட்டியை மூடலாம்!

மறுபடியும் ஒரு பயணம்

2019-ல் நாங்கள் மீண்டும் புறப்பட்டோம். இந்த முறை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட். பெட்டிச் சீட்டில் மெல்போர்னின் எழுத்துகள் இருக்கின்றனவா என்று நான் இரண்டு தடவை படித்தேன். என் மனைவி மூன்றாவது தடவையாகப் படித்தாள்!

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சில மணி நேரம் இருந்தோம். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அங்கே 'ஜுவல்' என்ற பெரிய கண்ணாடிக் கூடத்தைத் திறந்திருந்தார்கள். கூரையிலிருந்து 40 மீட்டர், அதாவது சுமார் 130 அடி, கீழே விழும் செயற்கை அருவி அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடம் நிலைப்படிக்கு அந்தப் பக்கம்! எங்களுக்கு அனுமதி இல்லை. முனையங்களுக்கு நடுவே ஓடும் சிறு ரயில் அந்தக் கூடத்தின் வழியாகவே போகிறது. அதில் ஏறி, கண்ணாடி வழியாக அருவியைப் பார்த்தோம். திண்ணையில் உட்கார்ந்து வீட்டு முற்றத்தை எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"நம்ம ஆகாய கங்கை இதைவிட உயரம்தானுங்க" என்றாள் என் மனைவி. உண்மைதான். கொல்லிமலை ஆகாய கங்கை 300 அடி. அதைப் பார்க்க விசாவும் வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க முழங்கால் மட்டும் வேண்டும்!

மறுநாள் மெல்போர்னில் பேத்தி ஓடி வந்தாள். "அப்பிச்சி!" என்று கூப்பிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கொலுசு அவள் காலுக்குச் சிறியதாகிவிட்டிருந்தது. அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள் என் மகள். நான் படிக்காமல் விட்ட ஒரு வரியின் விலை அது.

இப்போதும் விமான நிலையம் என்றால், எனக்கு எங்கள் பழைய வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. கூடவே, ஹீத்ரோவில் குளிரில் நின்றவர்களும், பாரிசில் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்திருந்தவரும் நினைவுக்கு வருகிறார்கள். எனக்குப் போக ஒரு மகள் வீடு இருந்தது. திரும்பி வர பேளுக்குறிச்சி இருந்தது. அவர்களுக்கு அது இரண்டும் இல்லை.

விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே. அது உங்களைக் காக்கும். வழியில் தவித்து நிற்பவரைக் கண்டால், "யார், எந்த ஊர்?" என்று கேட்கும் முன்பு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். அது அவரைக் காக்கும்.

அடுத்த வாரத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உலக வரைபடத்தை எடுத்து, திருச்சியிலிருந்து நீங்கள் போக ஆசைப்படும் ஓர் ஊருக்குக் கோடு போடுங்கள். நடுவில் எந்த ஊரில் விமானம் மாற வேண்டும்? அங்கே திண்ணை உண்டா? அப்பா அம்மாவிடமும் ஆசிரியரிடமும் கேட்டுக் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்!